தாய்வண்டியும் ஒரு வாய்த் தண்ணீரும்

"குருவே, நம்ம ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது!"

தில்லைநாயகம் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வந்த வேகத்தில் பொருமித் தள்ளினான்.

தமயந்தி கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கினாள்.

"என்ன ஆச்சு?"

"தாய்வண்டியைச் சோதிச்சுப் பார்க்கப் போயிருந்தேன். மாசமா இருக்கிற பொண்ணுங்க கையில போனைக் கொடுத்தா, ஒருத்திக்குக்கூட வண்டியைக் கூப்பிடத் தெரியலை. எல்லாம் திரையிலேயே எழுதியிருக்கு. படிச்சாத்தானே?"

"அப்புறம்?"

"நான் பக்கத்துல உட்கார்ந்தேன். கீழ தள்ளும்மா, அந்தப் பச்சையை அமுக்கும்மான்னு சொன்னேன். அவ்வளவுதான், எல்லாரும் டக்டக்னு பண்ணிட்டாங்க! எவ்வளவு சுலபம் பாருங்க!"

தாய்வண்டி அவன் வடிவமைத்த செயலி. பிரசவ வலி எடுத்த பெண் போனில் தட்டினால் போதும், பக்கத்தில் எங்கே வேன் நிற்கிறதோ அது வாசலுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும். மதுரைக்குள் முன்னோட்டமாக இரண்டு வேன்களை இப்போதே நிறுத்தியிருந்தார்கள்; வருகிற வெள்ளிக்கிழமை அதை மாவட்டம் முழுக்க விடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு அது சரியாக வேலை செய்யாவிட்டால் எத்தனை வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயம் வரும். தில்லைநாயகத்துக்கு வரவில்லை. அவனுக்கு அவன் செயலிமேல் அப்படி ஒரு நம்பிக்கை.

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். தமயந்தி அவனைவிட எட்டு வயது இளையவள். அதே ஆபீஸ், அடுத்த மேஜை. செயலியை யாராவது பயன்படுத்தும்போது பின்னால் உட்கார்ந்து வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் மௌனசாமி. தில்லைநாயகமும் முதலில் கிண்டலாகத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தான். நாளாக நாளாக அவனை அறியாமலே கிண்டல் கழன்று போயிற்று.

"முன்னாடி ஒரு விளக்கப் படம் சேர்த்துடலாம்னு இருக்கேன்" என்றான். "சின்னதா, ரெண்டே நிமிஷம். மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

தமயந்தி கம்ப்யூட்டரை மூடினாள்.

"உங்க மனைவி ரேணுகா எப்படி இருக்காங்க?"

"நிறைமாசம். இன்னும் பத்து நாள் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

வந்தாள். பையில் முறுக்கு, மல்லிகைப்பூ எல்லாம் இருந்தது. ரேணுகா இடுப்பைப் பிடித்துக்கொண்டே காபி போட எழுந்தாள். தமயந்தி அவளைக் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தாள்.

"காபி வேண்டாம். எனக்காகத் தாய்வண்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்க. இது நிஜ வண்டி இல்லை, சோதனைதான். பயப்படாதீங்க."

"இவ்வளவுதானே? குடுங்க."

தமயந்தி அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும் கொண்டு வந்தாள். டம்ளரைத் தில்லைநாயகத்திடம் நீட்டினாள்.

"ஒரு வாய் எடுத்துக்கோங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. ரேணுகா வண்டியைக் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும்."

"இது என்ன புது விரதம்?"

"இவர் வாயை மூடிப் பார்க்கணும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஆசை" என்றாள் ரேணுகா. "ஊத்துங்க, ஊத்துங்க!"

கன்னம் உப்ப, தில்லைநாயகம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

ரேணுகா செயலியைத் திறந்தாள். திரையில் ஒரு தாமரை மொட்டு தெரிந்தது. இதழ் இதழாக விரிந்தது. அந்தத் தாமரைக்காக அவன் ஒரு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவன்.

"அட, அழகா இருக்கே!"

தில்லைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அழகாக இருந்ததா, ரேணுகா தாமரையையே தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். அழுத்தித் தட்டினாள்.

மடக்கென்று தண்ணீர் அவன் தொண்டையில் இறங்கியது.

"கீழ! கீழ தள்ளு ரேணு, பச்சை இருக்கு பாரு!"

தமயந்தி டம்ளரை நிரப்பினாள்.

இரண்டாம் தடவை முயன்றபோது ஓடிபி எண் வந்தது. வந்த செய்தி திரையின் மேல் பாதியை மூடிக்கொண்டது. எண்ணைப் போட வேண்டிய கட்டம் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. ரேணுகா திருதிருவென்று முழித்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. வாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் மேல் தெறித்தது.

"அதை மேல தள்ளி விடு! மேல!"

ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமயந்தி மறுபடியும் டம்ளரை நிரப்பினாள்.

மூன்றாம் தடவை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டான். பேச வழியில்லை. வேறு என்ன செய்வது? பார்த்தான்.

பார்க்கப் பார்க்க அவன் கண் அகலமாயிற்று.

ரேணுகாவின் கட்டைவிரல் ஒரு பட்டன்மேல் போய் நின்று, தயங்கி, திரும்பி வந்தது. 'சேவை வகையைத் தேர்வு செய்க' என்ற வரியை அவள் உதடு இரண்டு தரம் முணுமுணுத்தது. விரல் வழுக்கியதும் வரைபடத்தில் அவர்கள் வீடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கம் வரும்போதும் அவள் திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் முகத்தில் ஏதாவது தெரிந்தால், அதை வைத்து அடுத்ததை அமுக்கினாள்!

"ம்ம்! ம்ம்ம்!" மூக்கால் கத்தினான் தில்லைநாயகம். திரையைக் காட்டினான், அவளைக் காட்டினான், தன்னைக் காட்டினான், உட்கார்ந்த இடத்திலேயே குதித்தான். அட, இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது!

தமயந்தி முறுக்கைக் கடித்தாள்.

"ஐயோ..." என்றாள் ரேணுகா.

போன் மடியில் விழுந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

பிரமாதம், நிஜமாகவே வலி வந்த மாதிரி நடிக்கிறாளே! தில்லைநாயகம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"நடிக்கலைங்க!" என்று அலறினாள் ரேணுகா. "வலிக்குதுங்க! கீழயெல்லாம் ஈரமாயிடுச்சு!"

வாயிலிருந்த தண்ணீர் எங்கே போயிற்றென்று அவனுக்கே தெரியாது. போனைப் பாய்ந்து எடுத்தான்.

"பயப்படாதே ரேணு! இதோ! நான்தானே செஞ்சேன்! இப்பவே நிஜ வண்டியைக் கூப்பிடறேன்!"

சோதனையை மூடிவிட்டு நிஜச் செயலியைத் திறந்தான். தாமரை வந்தது.

ஒரு இதழ். இன்னொரு இதழ். தாமரைக்கு ஒரு அவசரமும் இல்லை.

"விரிஞ்சு தொலையேன்!"

விரிந்தது. கீழே தள்ளினான். தள்ளின வேகத்தில் அது விர்ரென்று அடி வரைக்கும் ஓடிவிட்டது. மேலே தள்ளினான். பச்சையைக் காணோம். ஓடிபி வந்தது, அதை எண்ணாக வாசிக்க முடியவில்லை, எல்லாம் புழு மாதிரி நெளிந்தது. மாற்றிப் போட்டான். 'தவறான எண். மீண்டும் முயல்க.' மீண்டும் முயன்றான். 'சேவை வகையைத் தேர்வு செய்க.'

"எந்த வகை? எந்த வகைடா? பிள்ளை பிறக்கப் போகுது, அந்த வகை!"

எதையோ அமுக்கினான். திரை மறைந்தது. மறுபடியும் தாமரை மொட்டு.

"என்னங்க!" ரேணுகா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சீக்கிரம்!"

"பச்சை எங்க? நான்தானே வச்சேன்? எங்க வச்சேன்? குருவே, எதை அமுக்கணும்? குருவே!"

திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. பாதி கடித்த முறுக்கு மட்டும் தட்டில் கிடந்தது.

தெருவிலிருந்து குரல் வந்தது.

"தில்லை! ஆட்டோ நிக்குது! மெதுவா கூட்டிட்டு வாங்க!"

மதுரையில் அந்த ஆட்டோ ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்ல! மேடு பள்ளம் பார்த்து ஓட்டணும், வேகமாகவும் ஓட்டணும், இரண்டையும் ஒன்றாகச் செய்தார் அந்த மனுஷன். ரேணுகா தமயந்தியின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒவ்வொரு வலிக்கும் புருஷன் கையைத்தான் நசுக்கினாள். அவன் வாயில் தண்ணீர் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸம்மா வந்தார்.

"பொண்ணு! குரலைக் கேட்டீங்களா? ஆஸ்பத்திரியே அதிருது! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

தில்லைநாயகம் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். வராந்தாவில் தெரியாத ஆட்களை எல்லாம் பிடித்து உலுக்கி "பொண்ணு, பொண்ணு" என்று சொன்னான். தமயந்திக்கும் கண் கலங்கியிருந்தது, அவள் மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேனேஜர் ரத்தினவேல்.

"என்னய்யா தில்லை, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். வெள்ளிக்கிழமை தாய்வண்டியை விட்டுடலாம்ல?"

"வேண்டாம் சார். விடாதீங்க!"

"ஏன்யா? அதான் விளக்கப் படம் சேர்க்கறேன்னியே. அப்புறமும் புரியாதாமா?"

"புரியாது சார்."

"யாருக்குப் புரியாதாம்?"

"எனக்கு சார்!" என்று கத்தினான் தில்லைநாயகம், சந்தோஷம் தாங்காமல். "எனக்கே புரியலை!"