மேசைக்கு வந்த கொண்டைக்கடலை

முன்னொரு காலத்தில் என்று சொல்லும் அளவுக்குப் பழைய கதை இல்லை. போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு நடந்தது. புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டுச் சமையலறையின் மேல் தட்டில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் கொண்டைக்கடலைகள் இருந்தன.

அவை சுண்டலுக்கோ குழம்புக்கோ வாங்கி வைத்தவை அல்ல. வீட்டுக்காரி செலின் காய்கறியும் சீஸும் வைத்து டார்ட் என்னும் பிரெஞ்சுப் பலகாரம் சுடுவாள். தேய்த்த மாவைத் தட்டில் விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதற்கு மேல் இந்தக் கடலைகளைக் கொட்டி ஓவன் அடுப்புக்குள் வைப்பாள். பாரம் இல்லாவிட்டால் மாவு சூட்டில் உப்பிக்கொள்ளும். காய் வைக்க இடம் இருக்காது. மாவு பாதி வெந்து இறுகியதும் பேப்பரோடு கடலைகளைத் தூக்கி, ஆறவிட்டு, டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். காய், முட்டை, சீஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான் உள்ளே போகும்.

கடலைகளில் ஒன்று கொஞ்சம் தட்டையாக இருந்தது. மற்றவை அதைச் சப்பை என்றே கூப்பிட்டன. சப்பைக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும்.

"போய் என்ன பண்ணப் போறே?" என்று கேட்டது அடியில் கிடந்த மூத்த கடலை. "எத்தனையோ தடவை சூட்டுல காஞ்சு போனவங்க நாம. இனிமே ஊறப்போட்டாலும் வேக மாட்டோம். நம்மள யாரு திம்பா?"

"தின்னா தின்னட்டும், திங்காட்டிப் போகட்டும். நான் பிடிச்சு நிறுத்தின மாவு எப்படி வந்திருக்குன்னு பாக்க வேணாமா?"

"நம்ம வேலை அடுப்போட முடிஞ்சுபோச்சு. பேசாம படு."

சப்பை படுத்தது. ஆனால் தூங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பா கீழே இறங்கியது. செலின் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கதிரவன் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"உங்கண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்குமா? பேசாம மீன் குழம்பு வச்சிருக்கலாம்" என்றான்.

"மீன் குழம்பு என்னைவிட அவரே நல்லா வைப்பாரு. அம்மா போன பிறகு எனக்கு ஆக்கிப்போட்டது அவர்தானே." செலின் மாவைத் திருப்பிப் போட்டாள். "ஒரு தடவை பேக்கரி கண்ணாடிக்கு வெளியில நின்னு இந்த டார்ட்டைக் காட்டி வேணும்னு அழுதேன். வீட்ல சோறு இருக்குன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. எல்லாத்துக்கும் அப்படித்தான். விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்ல இருக்கணும். சிநேகிதி வீட்டுக்குப் போகக் கூடாது. படி, படின்னு எந்நேரமும் தலைமேலயே உக்காந்திருந்தாரு."

"படிச்சியே."

"படிச்சேன். இல்லேங்கல."

கதிரவன் கொஞ்ச நேரம் நறுக்கினான். பிறகு சொன்னான்: "கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கலாம், செலின்."

"கூப்பிட்டிருந்தா கல்யாணமே நடந்திருக்காது."

அண்ணன் பெயர் அமலதாசன். காரைக்காலில் தனியாக இருந்தார். தங்கையை ஆளாக்கி நிறுத்துவதிலேயே அவர் வயது போய்விட்டது. தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. செலின் கதிரவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு ஃபோனில் சொன்னாள். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. போன வாரம் கதிரவன் தானாகவே காரைக்காலுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று அழைத்தான். வெகு நேரம் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றார்.

சப்பைக்கு இந்தக் கதையில் பாதி புரியவில்லை. இன்றைக்கு மேசைக்கு முக்கியமான ஆள் வருகிறார் என்பது மட்டும் புரிந்தது.

செலின் மாவைத் தட்டில் விரித்து, முள்கரண்டியால் குத்தி, பேப்பரைப் போட்டுக் கடலைகளைக் கொட்டினாள். ஓவனின் கதவு மூடியது. சூடு ஏறியதும் மாவு முனக ஆரம்பித்தது.

"எந்திரிங்க எல்லாரும்! மூச்சு முட்டுது. நான் கொஞ்சம் எழும்பிப் பாக்குறேன்."

"எழும்பினா குடம் மாதிரி உப்பிடுவே" என்றது மூத்த கடலை. "அப்புறம் உள்ள ஒண்ணும் தங்காது."

"எனக்கு என்ன வேணும்னு உங்களுக்கெப்படித் தெரியும்?"

கடலைகள் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தன.

பேப்பரின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. சப்பை மெல்ல உருண்டு, அந்தக் கிழிசல் வழியாக இறங்கி, மாவின் அடியும் விளிம்பும் சேரும் மடிப்பில் போய்ப் புதைந்துகொண்டது.

கதவு திறந்தது. பேப்பர் மேலே போனது. "அப்பாடா, ஒழிஞ்சாங்க" என்றது மாவு. அப்புறம்தான் மடிப்பில் ஏதோ உறுத்துவது அதற்குத் தெரிந்தது. "நீ ஏன் போகல?"

"நானும் மேசைக்கு வர்றேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்."

"ஓரமாத்தான் இருப்பேன். சத்தம் போட மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. செலின் திடுக்கிட்டு, வதக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் கீரையையும் அள்ளிப் போட்டு, அடித்த முட்டையையும் பாலையும் ஊற்றி, சீஸைத் துருவித் தூவி, தட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

சப்பை இருட்டில் காத்திருந்தது.

டார்ட் நன்றாக வந்திருந்தது. விளிம்பு நிமிர்ந்து நின்றது; சீஸ் பொன்னிறத்தில் முறுகியிருந்தது. ஆனால் மேசையில் பேச்சே எழவில்லை. பஸ்ஸில் கூட்டமா என்று கதிரவன் கேட்டான். இல்லை என்றார் அமலதாசன். வெயில் எப்படி என்று கேட்டான். பரவாயில்லை என்றார். செலின் ஒரு துண்டு வெட்டி அண்ணன் தட்டில் வைத்தாள். அவர் குனிந்து சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திடீரென்று கடக்கென்று ஒரு சத்தம்.

அமலதாசன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கதிரவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "கல்லா மச்சான்?" செலினுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா, காரியத்தையே கெடுத்துட்டே" என்றது மாவு, தட்டிலிருந்து.

அமலதாசன் வாயிலிருந்து சப்பையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட விழாமல் அது முழுசாக இருந்தது.

"இது என்னம்மா?"

"கொண்டைக்கடலைண்ணே. மாவு உப்பாம இருக்க மேல போட்டு அழுத்தி வைக்கிறது. வெந்ததும் எடுத்துருவேன். இது தவறி வந்துருச்சு. மேசைக்கு வரக் கூடாதது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அவள் கை மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

அமலதாசன் கடலையை விரலால் உருட்டினார். "இது இல்லாட்டி மாவு நிக்காதா?"

"நிக்காதுண்ணே."

அவர் டார்ட்டின் விளிம்பைப் பார்த்தார். வெட்டின இடத்தில்கூடச் சரியாமல் நின்றது. ஒரு சிறு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு கடலையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, பல்லு போயிரும். துப்புங்க!"

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கணும்ணே" என்றாள் செலின்.

அவர் கையை உயர்த்தி, போதும் என்பதுபோல் காட்டினார். வாயில் கடலை இருந்ததால் பேச முடியவில்லை. கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சப்பை இரண்டாகப் பிளந்தது. அத்தனை தடவை சூட்டில் கிடந்தும், உள்ளே கடலை வாசனை மிச்சமிருந்தது.

அவர் மென்று முடிக்க வெகு நேரம் ஆனது. அதுவரைக்கும் மேசையை விட்டு ஒருவரும் எழவில்லை.