பட்ட மரத்து வெயில்

அந்த ஏரியில் காலைப் பனி விலக மனசில்லாமல் கிடக்கும். பனிக்குள்ளிருந்து கறுப்பு நீர்க்காகங்கள் ஒவ்வொன்றாக வரும். வரிசை கட்டி முங்கி, மீன்களைக் கரைப்பக்கம் விரட்டும். கரையில் வெள்ளைக் கொக்குகள் ஒற்றைக் காலில் காத்திருக்கும். பெரிய மீனெல்லாம் கொக்குக்கு. மிச்சம் மீதி விரட்டினவர்களுக்கு.

நீர்க்காகத்தின் சிறகு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். முங்கி எழுந்தால் விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும். ஏரி நடுவே ஒரு திட்டு, அதில் ஒரு பட்ட மரம். நாள் முழுக்க வெயில் விழுவது அந்த மரத்தில்தான். ஆனால் அதில் கொக்குகள் மட்டும்தான் உட்காரலாம். நீர்க்காகங்கள் அடியிலுள்ள புதரில் நடுங்கவேண்டும்.

ஏன் என்று கேட்டால், "உங்க ஈரம் எங்க மேல சொட்டும்" என்பான் கொக்குத் தலைவன் பால்வண்ணன். நாளெல்லாம் தண்ணீரில் நிற்கிறவன் சொல்கிற காரணத்தைப் பாருங்கள்!

மையாள் என்ற நீர்க்காகத்துக்குக் கூட்டில் மூன்று குஞ்சுகள். ஈரச் சிறகோடு அவள் அணைத்தால் அவை குளிரில் விறைத்தன. ஒரு நாள் கடைக்குட்டி கண்ணையே திறக்கவில்லை. மையாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே பறந்துபோய்ப் பட்ட மரத்தில் உட்கார்ந்து சிறகை விரித்தாள்.

"எழுந்திரு" என்றான் பால்வண்ணன்.

"காய்ஞ்சதும் எழுந்திருக்கேன்."

கொக்குகள் கொத்தித் தள்ளின. மூன்று கறுப்பு இறகுகள் மெல்லச் சுழன்று தண்ணீரில் விழுந்து, பனிக்குள் மிதந்து போயின.

அன்றே மையாள் புதர் புதராகப் போனாள். "நாளையிலேருந்து யாரும் மீன் விரட்டாதீங்க" என்றாள். பெண் நீர்க்காகங்கள் எல்லாம் சேர்ந்தன. தூரத்து வாய்க்காலுக்குப் போய், பொடிமீனைத் தொண்டையில் அடக்கி வந்து, எல்லார் கூட்டுக் குஞ்சுக்கும் ஊட்டின.

பாறைமேல் நின்று பேசியது ஆழியன் என்ற ஆண் நீர்க்காகம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினான். "வெயில் எல்லாருக்கும் பொது" என்று அவன் சொன்னபோது ஏரியே கேட்டது. பேசிக் களைத்தவன் வாயில் மீன் போட்டவள் மையாள்.

நாற்பது நாள் போயிற்று. கொக்குகள் மெலிந்து, மரத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போயின.

மறுநாள் ஆழியன் கிளைகளைப் பங்கிட்டான். உச்சிக்கிளை தனக்கு. அடுத்தது தன் தோழர்களுக்கு. அதற்கடுத்தது மற்ற ஆண்களுக்கு.

"எங்களுக்கு எந்தக் கிளை, அண்ணே?" என்றாள் மையாள்.

"உங்களுக்குத்தான் புதர் இருக்கே, தங்கச்சி. இப்பதான் ஜெயிச்சிருக்கோம். நமக்குள்ள சண்டை போட்டா கொக்கு சிரிக்கும். உங்க விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

மேலே ஆண்கள் பெருமையாகச் சிறகை விரித்தார்கள். அத்தனை சிறகின் நிழலும் புதர்மேல் விழுந்தது. கொக்கு இருந்த காலத்தில் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெயிலாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. மையாளின் மிஞ்சிய இரண்டு குஞ்சுகளும் மறுபடி நடுங்க ஆரம்பித்தன.

எதிர்க்கரையிலிருந்து பால்வண்ணன் நைசாக வந்தான். "எங்க பக்கம் வந்துடு மையாள். உனக்கு மட்டும் தனிக்கிளை தரேன்."

"நீ குடுக்கற கிளை எதுக்கு? நான் கொத்து வாங்கின கிளை அதோ இருக்கு" என்றாள் அவள்.

காலையில், இனி மீனெல்லாம் நமக்கே என்று ஆழியன் எல்லாரையும் மீன் விரட்டக் கூப்பிட்டான். ஆண்கள் மட்டும் வந்தார்கள். வரிசையில் ஒன்று விட்டு ஒன்று இடைவெளி. மீன்கள் அதன் வழியே சாவகாசமாக வெளியேறின. மூன்று நாள் அப்படியே போயிற்று. எதிர்க்கரைக் கொக்குகள் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்துகொண்டிருந்தன.

ஆழியன் புதருக்கு வந்தான். "ஏன் வரலை?"

"காயாத சிறகோட முங்கினா மூழ்கித்தான் போவோம்" என்றாள் மையாள். "நாற்பது நாளும் உங்க குஞ்சுக்கு யார் ஊட்டினது அண்ணே? அன்னைக்கு நாங்க 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லலையே."

ஆழியன் மேலே பார்த்தான். புதரிலிருந்து பார்த்தபோதுதான் தங்கள் சிறகுகள் எவ்வளவு வெயிலை மறைக்கின்றன என்பது அவனுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பறந்துபோய் உச்சிக்கிளையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"வா தங்கச்சி, இடம் இருக்கு" என்றான்.

மையாள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்து அமர்ந்தாள். மற்றப் பெண்களும் ஏறினார்கள். பனி விலகியது. மரம் முழுக்கக் கறுப்புச் சிறகுகள் விரிந்து, ஆவி பறக்கக் காய்ந்தன. கொக்குகள் வந்த வழியே திரும்பிப் போயின. சின்னக் குஞ்சு வெயிலில் கண்ணைச் சுருக்கி, அம்மாவின் சிறகைத் தொட்டுப் பார்த்தது. சூடாக இருந்தது.

கூடப் போராடியவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு வாங்குகிற விடுதலை, பாதி விடுதலைகூட ஆகாது.