சத்தம் நின்ற கிளை

கருவேலங்காட்டுக் குளக்கரையில் ஒரு தவிட்டுக்குருவிப் படை இருந்தது. அதற்குத் தளபதி தவிட்டுராயர். அவர் நெஞ்சில் இறகு முளைக்காத ஒரு வடு உண்டு. அதை யாராவது பார்த்தால் போதும், நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார்!

வடு வந்த கதை காட்டுக்கே தெரியும். அப்போது அவர் வெறும் தவிடன், சாதாரணக் காவல்காரர். 'ராயர்' எல்லாம் பதவியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

தவிட்டுக்குருவிகள் தரையில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். தலை குனிந்து மேய்கிறவர்களுக்கு வானம் தெரியாது. அதனால் ஒருவர் மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து, "இருக்கேன்... இருக்கேன்..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். கீழே இருப்பவர்கள் "சரி, சரி" என்று பதில் கொடுத்தபடியே மேய்வார்கள். அந்தக் குரல் கேட்கும்வரை யாருக்கும் பயமில்லை.

ஒருநாள் வல்லூறு பின்பக்கமாக வந்து தவிடனை அமுக்கியது. கத்த நேரமில்லை. "இருக்..." என்பதோடு குரல் அறுந்தது. அவ்வளவுதான்! கீழே அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. முதலில் பறந்தது அவருடைய தங்கை நொச்சி. மொத்தப் படையும் அவள் பின்னால் போய் வல்லூறைக் கொத்து கொத்தென்று கொத்தியது. தாங்க முடியாமல் அது தவிடனைக் கீழே போட்டுவிட்டு ஓடியது.

"உங்க சத்தம் நின்ன உடனே ஏதோ ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு அண்ணே!" என்று நொச்சி அழுதாள்.

உயிரோடு பேரும் கிடைத்தது. வல்லூறின் பிடிக்குள் போய்த் திரும்பியவர் ஆயிற்றே! காவல்தலைவர் ஆக்கினார்கள். பிறகு துணைத்தளபதி, அதன் பிறகு தளபதி. பதவி உயர உயர அவர் உட்காரும் கிளையும் உயர்ந்தது. கடைசியில், கீழே சருகு புரள்வதுகூட அவருக்குக் கேட்பதில்லை.

அந்த வருடம் காட்டு மந்திரி மயிலார் படைகளைப் பார்வையிட வந்தார். கீரிப்படை அசையாமல் நின்றது. காட்டுப்பன்றிப் படை மூச்சுகூட விடவில்லை. அடுத்தது தவிட்டுக்குருவிப் படை. மேலே "இருக்கேன், இருக்கேன்!" கீழே "சரி, சரி, சரி!"

மயிலார் தோகையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "என்ன தளபதி, இது படையா, வாரச்சந்தையா?"

கீரிகள் சிரித்தன. பன்றிகள் சேற்றில் உருண்டு உருண்டு சிரித்தன. தவிட்டுராயருக்கு முகம் செத்துப்போயிற்று. வல்லூறின் நகம் இறங்கியபோதுகூட அவருக்கு அப்படி வலிக்கவில்லை.

மறுநாளே ஆணை போட்டார். "இனிமேல் படையில் சத்தம் கூடாது! வல்லூறைக் கண்ணால் கண்டால் மட்டும் காவல்காரர் கத்தலாம். மற்ற நேரத்தில் வாயைத் திறந்தால் தண்டனை!"

நொச்சி முன்னால் வந்தாள். "இது சரிப்படாது அண்ணே. அது பின்னாலேருந்து வந்தா எப்படிக் கண்ணால பார்க்கிறது? சத்தம் இருந்தாத்தானே அது நின்னது தெரியும்? உங்களுக்கே அன்னைக்கு அப்படித்தானே..."

அவள் சொல்வது உண்மை என்று தவிட்டுராயருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மொத்தப் படையும் பார்த்துக்கொண்டல்லவா இருக்கிறது!

"நீ பேசுறது தளபதிகிட்ட! அண்ணன்கிட்ட இல்லை!" என்று சீறினார்.

நொச்சி வரிசைக்குத் திரும்பினாள். "சரிங்க, தளபதி" என்றாள்.

அதன் பிறகு அவள் அவரை அண்ணே என்று கூப்பிடவே இல்லை. அவருக்கு அது உறுத்தியது. ஆனாலும் இறங்கிவர மனம் வரவில்லை. குளத்துக்கு அக்கரையில், பட்டுப்போன புங்கமரத்துக் காவலுக்கு அவளை அனுப்பிவிட்டார். நாளாக நாளாகப் படைக்கும் வாயை மூடிக்கொண்டு மேய்வது பழகிப்போயிற்று.

மயிலார் மறுபடி வந்தார். தவிட்டுக்குருவிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு குஞ்சுகூடக் கீச்சிடவில்லை.

"சபாஷ்! இதுதான் படை!" என்றார் மயிலார். தன் தோகையிலிருந்து ஒரு பீலியை உருவித் தவிட்டுராயரின் கழுத்தில் செருகினார். "இன்றுமுதல் நீர் இந்தக் காட்டுக்கே பெருந்தளபதி!"

தவிட்டுராயருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். பார்வை குளத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனது. புங்கமரக் கிளை காலியாக இருந்தது.

'காவலை விட்டுவிட்டு எங்கே தொலைந்தாள்? மந்திரி கண்ணில் பட்டால் என் மானம் போய்விடுமே!' பல் இருந்திருந்தால் கடித்திருப்பார். 'விழா முடியட்டும், இவளைக் கவனித்துக்கொள்கிறேன்!'

விழா சாவகாசமாக முடிந்தது. கழுத்துப் பீலி காற்றில் ஆட, தங்கையைத் தண்டிப்பதற்காக அவர் அக்கரைக்குப் பறந்தார். கிளையில் நொச்சி இல்லை. சொரசொரத்த பட்டையில் நாலைந்து தவிட்டு நிற இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மரப்பொந்திலிருந்து ஓர் அணில் மெல்ல எட்டிப்பார்த்தது.

"நொச்சி எங்கே?"

"வல்லூறு கொண்டுபோயிடுச்சுங்க."

"பொய்! எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே!"

"பின்னாலேருந்து வந்து கழுத்தைப் பிடிச்சுடுச்சு. எப்படிங்க கத்துவா?" என்றது அணில். "ஆனா அவ லேசுல விடலை. ரொம்ப நேரம் கிளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு உங்களுக்கு எல்லாரும் பறந்து வந்தாங்களே, இப்பவும் வருவாங்கன்னுதான் நானும் நினைச்சேன்..."

தவிட்டுராயர் கிளையைக் குனிந்து பார்த்தார். அவள் பிடித்திருந்த இடத்தில் நகம் பதிந்த கீறல்கள் இருந்தன. அதே நேரத்தில்தான் அவர் கழுத்தை நீட்டிப் பீலி வாங்கிக்கொண்டிருந்தார். காலியான கிளையைப் பார்த்தபோதும், தங்கைக்கு என்ன ஆயிற்றோ என்று அவருக்குத் தோன்றவில்லையே! தன் மானம்தானே நினைவுக்கு வந்தது!

பீலியைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தார். "நொச்சி! அண்ணன் வந்திருக்கேன்மா!" என்று கதறினார். கேட்கத்தான் யாருமில்லை.

மறுநாள் காலையில் தளபதியின் உச்சிக்கிளை காலியாக இருந்தது. தவிட்டுராயர் பழைய காவல்கிளைக்கு இறங்கி வந்திருந்தார். "ஆணையை எடுத்துட்டேன்! எல்லாரும் பழையபடி பேசுங்க!" என்றார்.

கீழே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கே பேசியதற்கு அந்தக் கதி என்றால், மற்றவர்களுக்கு எப்படி வாய் வரும்?

"இருக்கேன்... இருக்கேன்..." என்று அவரே ஆரம்பித்தார். "சரி" என்று ஒரு குரலும் வரவில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஒரு தடவை வேண்டுமென்றே "இருக்..." என்று பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

சருகுகள் புரண்டுகொண்டே இருந்தன. ஒரு தலைகூட நிமிரவில்லை.

தன்னை நம்பி இருப்பவர்களின் வாயை அடைக்கும் தலைவனுக்கு, அவர்கள் குரல் வேண்டியிருக்கும் நாளில் அது கிடைக்காது.