பாதிச் சில்லு

ஒரு பெரிய ஆமை. எவ்வளவு பெரிது என்றால், அதன் முதுகில் ஓர் ஊரும் அந்த ஊருக்குச் சோறு போடும் வயல்களும் இருந்தன. இதற்குமேல் கேட்காதீர்கள்.

ஆமை முதுகில் மண் ஏது? வந்தவர்கள் கொண்டுவந்ததுதான். படகேறும்போதே தங்கள் ஊர் மண்ணைக் குடும்பத்துக்கு ஒரு கூடை அள்ளிக்கொள்வார்கள். இங்கே இறங்கியதும், தங்கள் குறி கீறிய சட்டிச் சில்லு ஒன்றை அடியில் வைத்து மேலே மண்ணைக் கொட்டுவார்கள். ஆமையின் சூட்டில் அந்த மண் புளித்த மாவுபோலப் பொங்கிப் பரவும். ஒரு கூடைக்கு ஒரு வயல்.

கூடை இல்லாதவருக்குக் கரை இல்லை. காவல்காரன் சங்கு ஊதுவான். படகு திரும்பிப் போகும். அது ஊர்ச் சட்டம்.

அந்தக் காலத்தில் குன்றன் என்பவன் கரைக்காவல். நாற்பத்திரண்டு வயது. விதைப்புக் கற்க ஒரு பெண்ணிடம் பன்னிரண்டு வருசமாகச் சீடனாக இருந்தான். அவள் பெயர் காராயி. ஊரில் எல்லோருக்கும் முழு வயல், அவளுக்கும் குன்றனுக்கும் மட்டும் பாதி. காவல்காரனைக் கேலி செய்ய யாருக்கும் துணிவில்லை. அவளை மட்டும் அரைவயல் காராயி என்று சொல்வார்கள். குன்றனும் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் காதில் விழுந்தது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் அவன் கையில் சங்கோடு ஓடிவந்தான். அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

படகு ஒன்று வந்து நிற்கிறது என்றான். ஒன்பது பேர். அவர்கள் ஊரைக் கடல் கொண்டுவிட்டதாம், அள்ள மண்ணே மிஞ்சவில்லையாம். குடிதண்ணீரும் தீர்ந்துவிட்டது. திரும்பிப் போனால் பிழைக்க மாட்டார்கள்.

"சங்கு உன் கையில் இருக்கிறது. என்னிடம் ஏன் வந்தாய்?"

"ஊதினால் தூக்கம் வராது, ஆசான். ஊதாவிட்டால் சோறு வராது."

அவள் களையைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

அவன் விடவில்லை. போன வருசமே கூழ் தண்ணியாகிவிட்டது, மகளுக்கு இது எட்டாம் மாதம், அவளுக்கு எதை ஊற்றுவது என்று கேட்டான்.

"ஆமை முதுகு வளருமா, ஆசான்?"

"வளரும். வருசத்துக்கு ஒரு விரல்."

"ஊர் விரல் கணக்கில் வளரவில்லையே. போன மாசியில் மட்டும் பதினோரு தொட்டில்."

"தெரியும். பதினொன்றுக்கும் நாக்கில் தேன் வைத்தது நான்தான்."

மண்வெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள். பக்கத்து வயல் அவனுடையது. அதைக் காட்டினாள்.

"தோண்டு."

"இப்போதா? படகு நிற்கிறது."

"பேசுகிற நேரத்தில் பாதி தோண்டியிருப்பாய்."

தோண்டினான். கறுகறுவென்று கரிசல் வந்தது. பக்கத்தில் குவித்தான்.

"உன் அம்மாவுக்கு எந்த ஊர்?" என்றாள் காராயி.

"பாறை ஊர். வாசலிலேயே குன்று இருந்ததாம். அதனால்தானே எனக்கு இந்தப் பெயர்."

"பாறை ஊரில் ஏது கரிசல்?"

மண்வெட்டி நின்றது. நாற்பத்திரண்டு வருசமாக அந்த வயலில் விளைந்ததைத்தான் தின்றிருக்கிறான். ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

முழங்கால் ஆழத்தில் சில்லு தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தான். பாதிச் சில்லு. அதில் ஒரு மீனின் வால் மட்டும் இருந்தது.

"தலை என் வயலில் இருக்கிறது. வேண்டுமானால் அதையும் தோண்டிப் பார்" என்றாள்.

அவன் தோண்டவில்லை. அவள் வயலைப் பார்த்தான். அதுவும் கரிசல்தான். அதுவும் பாதிதான்.

மெதுவாகக் கேட்டான். அவள் சொன்னாள். அவள் குடும்பமும் அவன் அம்மாவும் ஒரே நாளில்தான் கரைக்கு வந்தார்களாம். அவன் அம்மா எட்டு மாத வயிற்றோடு, தனியாக, கூடை இல்லாமல். அன்றைய காவல்காரன் சங்கை வாயில் வைத்துவிட்டான். காராயியின் அப்பா தன் சில்லைக் கல்லில் தட்டி உடைத்தார். அதில் ஒரு பாதியையும் கூடை மண்ணில் பாதியையும் அவன் அம்மாவின் முந்தானையில் கொட்டினார்.

"அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வருசம் என் கூழ் ரொம்பத் தண்ணியாக இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது."

"பன்னிரண்டு வருசமாக ஏன் சொல்லவில்லை, ஆசான்? அரைவயல் என்று நானும்..."

"போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டச் சொல்கிறாயா?"

குன்றன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். சில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கேட்டான்.

"உங்கள் அப்பாவுக்கு நான் என்ன செய்வேன்?"

காராயி தன் கூடையிலிருந்த களையை வரப்பில் கொட்டினாள். காலிக் கூடையை அவன் குவித்த மண்ணுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டாள்.

"அவருக்கு இனிமேல் பசிக்காது. படகைப் பார்."