‘பார்’ என்ற சொல் இல்லாத பாதாளம்

தென்காசியில் சாரல் மாதங்களில் மதியம் மூன்று மணிக்கே வீடுகளில் விளக்கு போட்டுவிடுவார்கள். உலகம்மாள் டீச்சர் வீட்டு மாடியில் மட்டும் போடமாட்டார்கள். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

காலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் போன் எடுக்கிற வேலை. தேடி வருகிறவர்களுக்குப் பேசுகிற கம்ப்யூட்டரைப் பழக்கிவிடுவதால் டீச்சர் என்ற பெயர். மதியத்துக்கு மேல் மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாதாளம் ஒன்றை நடத்திவந்தார்.

அது ஒரு விளையாட்டு. படம் இல்லை, நிறம் இல்லை, வெறும் எழுத்து. ‘வடக்கே போ’ என்று தட்டினால் அடுத்த அறையைப் பற்றி நாலு வரி வரும். கம்ப்யூட்டரே அதை வாசித்துச் சொல்லும். சுரங்கம், படிக்கட்டு, பாழ்கிணறு, தானியக் குதிர் என்று முந்நூறு அறைகள். எல்லாம் டீச்சர் எழுதியவை. மட்டக்களப்பிலிருந்து ஒருவர், மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு பெண், கோவில்பட்டியிலிருந்து இரட்டைச் சகோதரர்கள் என்று அவரவர் வீட்டில் இருந்தபடியே அதற்குள் இறங்கி நடப்பார்கள். ஒருவரை ஒருவர் அங்கே சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். முக்கால்வாசிப்பேர் பார்வை இல்லாதவர்கள்.

ஐயாத்துரை அந்த மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. டீச்சரைவிட எட்டு வயது மூத்தவர். நில அளவைத் துறையில் சர்வேயர். இரண்டு வருஷமாக அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிச்சம். பேசுகிற கம்ப்யூட்டரில் வேலை செய்யப் பழகிக்கொண்டால் ஆபீசிலேயே உட்கார வைத்துக்கொள்கிறோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

“எங்கிட்ட பாடம்னு தனியா எதுவும் கிடையாது, சார்” என்றார் டீச்சர். “உள்ளே போங்க. நடக்க நடக்க விரல் பழகிரும்.”

ஐயாத்துரை உள்ளே போனார். ஒரு சுரங்கத்தில் நிற்கிறாய் என்றது குரல். அவர் தட்டிய முதல் சொல், ‘பார்’.

“அந்தச் சொல் இங்கே கிடையாது” என்றது குரல்.

‘சுற்றிப் பார்’ என்று தட்டினார். அதுவும் கிடையாது. ‘விளக்கு ஏற்று’ என்று தட்டினார். கிடையாது.

“டீச்சர், இது எதைக் கேட்டாலும் இல்லைங்குது.”

“நீங்க ஒண்ணைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீங்க.”

“வேற என்ன கேட்கிறது?”

டீச்சர் கீழே போய்க் காப்பி போட்டு எடுத்துவந்தார். ஐயாத்துரை அதைக் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் ‘நில்’ என்று தட்டினார்.

“நிற்கிறாய்” என்றது குரல். “இடது பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. அதில் ஈர வைக்கோல் வாடை.”

அவர் காற்று வந்த பக்கம் திரும்பி நடந்தார்.

அதன்பிறகு அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. கேள், தொடு, முகர், தட்டு என்று ஒவ்வொரு சொல்லாகக் கைக்கு வந்தது. விரல்கள் எழுத்துகளைத் தேடுவதை விட்டுவிட்டன. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் பாதி உள்ளேயே இருந்தார். கண்டக்டரின் விசில் ஏதோ ஒரு சுரங்கத்தின் வளைவில் கேட்டதுபோல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவரின் கூடையிலிருந்து கொய்யாப்பழ வாசம் வந்தால், வடக்கே ஒரு வழி இருக்கிறது என்று மனம் சொல்லும்.

ஆனாலும் தொழில் புத்தி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மிச்சமிருந்த பார்வையை வைத்து, தடித்த பேனாவால் பாதாளத்துக்கு வரைபடம் போட்டார். அது கூடிவரவே இல்லை.

“டீச்சர், வடக்கே இருபது தடவை, கிழக்கே இருபது, தெற்கே இருபது, மேற்கே இருபது போனா புறப்பட்ட இடத்துக்கு வரணும். உங்க பாதாளத்தில வரமாட்டேங்குது. வேற கிணத்தடியிலே கொண்டுபோய் விடுது.”

“அப்படியா?”

“எங்கேயோ அளவு தப்பியிருக்கு.”

“நான் அளந்து எழுதலையே, சார். நடந்து எழுதினேன்.”

ஐயாத்துரை அன்றைக்கு வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தவர், அப்புறம் அதை எடுக்கவில்லை.

ஆடி பிறந்த வாரத்தில் டீச்சர் அவருக்குப் புதிதாக ஒரு சொல் கொடுத்தார். ‘தோண்டு’. பாதாளத்தை நடத்துகிறவர்களுக்கு மட்டுமே உள்ள சொல் அது. அதைத் தட்டினால் புதிதாக ஓர் அறை உண்டாகும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தோண்டியவர்தான் எழுத வேண்டும்.

ஐயாத்துரை இரண்டு மதியங்கள் உட்கார்ந்து எழுதினார். கண்ணில் மிச்சமிருந்ததையெல்லாம் அதில் போட்டார். பச்சை வயல், நீல மலை, அதன்மேல் வெள்ளை மேகம், வரிசையாகக் கொக்குகள்.

டீச்சர் அந்த அறைக்குள் போனார். குரல் வாசித்து முடித்தது.

“சார், நான் எங்கே நிக்கேன்?”

“வயல்ல, டீச்சர்.”

“காலுக்குக் கீழே என்ன இருக்கு?”

ஐயாத்துரை எழுதியதை அழித்தார்.

மறுபடி எழுத நான்கு நாள் ஆனது. அறுவடை முடிந்த வயல். நெல் தாள் கணுக்காலைக் குத்துகிறது. மண் மேலே காய்ந்திருக்கிறது, மிதித்தால் உள்ளே ஈரம். அளவுச் சங்கிலி தாளின்மேல் இழுபட்டுப் போகிற சத்தம். தூரத்தில் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் எண்களைக் கூவுகிறார். காற்று பாதி எண்களைக் கொண்டுபோய்விடுகிறது.

டீச்சர் அதற்குள் போய் நின்றார். அரைமணி நேரம் கழித்து மட்டக்களப்புக்காரர் அதே அறைக்குள் வழிதவறி வந்தார். “இஞ்ச கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போகட்டோ?” என்று எழுதினார்.

“நில்லுங்க” என்று டீச்சர் தட்டினார். “நானும் நிக்கேன்.”

அந்தச் சாயங்காலம் ஐயாத்துரை படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. அதை அவர் பஸ் ஏறிய பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

ஆவணியில் மதுரைக்குப் போய்க் கண் பரிசோதனை செய்துவிட்டு வந்தார். ஒரு வியாழக்கிழமை, எப்போதும் வருகிற நேரத்துக்கு மாடியேறி வந்து உட்கார்ந்தார். விசைப்பலகையைத் தொடவில்லை. பாதாளத்துக்குள் இரட்டையர்கள் எதையோ உருட்டிக்கொண்டு போகிற செய்தியைக் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதன் சத்தத்தைக் குறைத்தார்.

“தை மாசத்துக்குள்ள முழுசா போயிரும்னு சொல்லிட்டாங்க” என்றார் ஐயாத்துரை.

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“என் சம்சாரம் ஆவுடை அழுதா. அவளுக்கு நான் சமாதானம் சொன்னேன். எங்க டீச்சர் இருக்காங்க, அவங்களுக்கு அங்கே எல்லா வழியும் தெரியும், பயப்படாதேன்னு சொன்னேன்.” சற்று நிறுத்தினார். “அவகிட்ட சொல்லிட்டேனே தவிர, எனக்குப் பயமாத்தான் இருக்கு.”

“ம்.”

“வேலைக்கெல்லாம் குறை இல்லை. விரல் பழகிருச்சு. அதைக் கேட்கலை. அந்தக் கடைசி வெளிச்சம் போய், இந்தப் பக்கம் வரும்போது எப்படி இருக்கும், டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டா கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

சாரல் நின்றிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. டீச்சர் மடியில் கையை வைத்துக்கொண்டு, அந்தத் துளிகளை எண்ணுகிறவர்போல இருந்தார்.

“சார், என் பாதாளத்தில வாசல் எங்கே இருக்கு?”

ஐயாத்துரை யோசித்தார். முந்நூறு அறைகளிலும் மனத்துக்குள் நடந்தார். கிணற்றடி, குதிர், படிக்கட்டு, நீர் சொட்டுகிற சுரங்கம். எல்லாம் கடந்து வந்தார்.

“எனக்குத் தட்டுப்படலை, டீச்சர்.”

“இல்லை. அதனாலதான் தட்டுப்படலை. யார் வந்தாலும் நடுவிலேதான் வந்து நிக்காங்க. எத்தனையோ பேர் கேட்டாங்க, ஒரு வாசல் வைக்கக் கூடாதான்னு. நானும் பல தடவை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி வரலை.”

“ஏன்?”

“நான் இங்கேயே பிறந்தவ, சார். வெளியே இருந்ததும் இல்லை, உள்ளே வந்ததும் இல்லை. நீங்க கேட்டது எனக்குத் தெரியாது.”

ஐயாத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் தெரிந்த அந்தச் சிறு வட்டத்துக்குள் டீச்சரின் கை வந்தது. அது விசைப்பலகையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தியது.

“பின்னாலே வரப்போறவங்க நிறையப்பேர் இருக்காங்க” என்றார் டீச்சர். “மெதுவா வாங்க. வரும்போது குறிச்சுக்கிட்டே வாங்க.”