வேம்பையன் மேஸ்திரிக்குக் குடல் இறங்கிய கதை

அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற நாலு பேரைப் பற்றியது இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அப்புறம் அந்த ஊருக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்; அதனால் சொல்லவில்லை. நால்வரில் பெரியவர் வேம்பையன் மேஸ்திரி. சடையப்பன், மாயக்கூத்தன், பிச்சாண்டி மூன்று பேரும் அவருக்குக் கீழே. யோசிக்கிற வேலையை மட்டும் எல்லோரும் சடையப்பனிடம் விட்டிருந்தார்கள். பேசுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்பவன் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் நெல் மூட்டையைத் தூக்கும்போது மேஸ்திரிக்குத் தொடை இடுக்குக்கு மேலே சுருக்கென்றது. வேட்டியை விலக்கிப் பார்த்தால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். படுத்தால் காணாமல் போனது. எழுந்து நின்றால் திரும்பி வந்தது.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“நின்னா வருது, படுத்தா போகுது,” என்றான் பிச்சாண்டி. “அப்போ வியாதி அண்ணனுக்கு இல்லை. நிக்கிறதுக்குத்தான்.”

சடையப்பன் கண்ணை மூடித் திறந்தான். “சரிதான். இனிமே அண்ணன் நிக்கவே கூடாது.”

அன்றிலிருந்து மேஸ்திரியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். மில்லுக்கும் கட்டில், டீக்கடைக்கும் கட்டில். எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். மேஸ்திரியின் மனைவி பூரணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“இப்படியே இன்னும் ரெண்டு தெரு போனீங்கன்னா சுடுகாடு வந்துரும். ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம். திருப்புங்க கட்டிலை!”

திருப்பினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மங்கையர்க்கரசி மேஸ்திரியை நிற்க வைத்து வீக்கத்தில் கை வைத்தார். “நல்லா முக்குங்க பார்ப்போம்.”

மேஸ்திரி விழித்தார். மாயக்கூத்தன் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, மேஸ்திரியின் துண்டை அதில் முக்கி எடுத்தான். “இவ்வளவு போதுமா டாக்டரம்மா?”

டாக்டர் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“வயித்துச் சுவர்ல சதை பலவீனமாகி ஒரு ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா குடல் பிதுங்கி வருது. இதுக்குப் பேர் குடலிறக்கம். மாத்திரையால தீராது, பெல்ட் கட்டினாலும் ஓட்டை அடையாது. ஆபரேஷன் பண்ணி, குடலை உள்ளே தள்ளி, ஓட்டை மேல வலை வச்சுத் தைக்கணும். வியாழக்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க. நடுவுல வீக்கம் உள்ளே போகாம கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தா உயிருக்கே ஆபத்து. உடனே ஓடி வந்துடணும், புரியுதா?”

“எல்லாம் புரிஞ்சுது,” என்றான் சடையப்பன். “எந்த வலைன்னுதான் சொல்லலை.” ஆனால் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் மீன் வலைகளை விரித்துப் போட்டுப் பெரிய விவாதம் நடந்தது.

“அயிரை வலைதான் சரி. கண்ணு சின்னது, குடல் தப்பாது.”

“கண்ணு சின்னதா இருந்தா சோறு எப்படிடா போகும்?”

“அண்ணன் கஞ்சி குடிக்கட்டும்.”

கடைசியில் ஈயக்குண்டு கட்டிய வீச்சு வலை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை மேஸ்திரி சட்டை, துண்டு எதுவுமில்லாமல் வந்து நின்றார். விட்ட ஏப்பத்தில் சாம்பார் மணந்தது.

“வெறும் வயித்தோடதானே வரச் சொன்னேன்?” என்றார் டாக்டர்.

“பாருங்கம்மா,” என்று பிச்சாண்டி மேஸ்திரியின் தொப்பையில் தட்டிக் காட்டினான். “ஒரு நூல்கூட மேல இல்லை. குளிரக் கூடாதேன்னுதான் இட்லியும் பொங்கலும் உள்ளே போட்டுக் கூட்டியாந்தோம்.”

ஆபரேஷன் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. வலை வேண்டாம், எங்களிடமே இருக்கிறது என்றார் டாக்டர். “உங்க வலையில ஈயக்குண்டு உண்டா?” என்று சடையப்பன் கேட்டபோது அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே வந்தது வினை. வீக்கம் உள்ளே போகவில்லை, கல்லாக இறுகிவிட்டது. மேஸ்திரி வாந்தி எடுத்தார், வியர்த்தார், பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவர் அப்படி முனகி யாரும் கேட்டதில்லை. பூரணி தெருவில் போன ஆட்டோவை மறித்தாள்.

“ஆட்டோவா?” என்று சடையப்பன் குறுக்கே நின்றான். “டாக்டரம்மா ஓடி வரச் சொன்னாங்க. உருண்டு வரச் சொல்லலை.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மூவரும் கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். கட்டில் குலுங்கக் குலுங்க மேஸ்திரி அலறினார். பூரணி ஆட்டோவில் துரத்தினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. மூச்சு வாங்கக் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு, மூவரும் ரயிலில் எத்தனை பெட்டி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணியும் ஆட்டோக்காரரும் மேஸ்திரியை அப்படியே அள்ளி ஆட்டோவில் போட்டார்கள். கேட் திறந்ததும் ஆட்டோ பறந்தது.

மூவரும் கட்டிலைத் தூக்கினார்கள்.

“அண்ணன் லேசாயிட்டாரே!” என்றான் மாயக்கூத்தன்.

“சத்தமும் இல்லை. வியாதி குறையுது. நிறுத்தாம ஓடு!”

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்கட்டிலை இறக்கியபோது, உள்ளே ஆபரேஷன் பாதி முடிந்திருந்தது. கட்டிலில் ஆளில்லாததைப் பார்த்துப் பிச்சாண்டி ஓவென்று அழுதான். “அண்ணன் கரைஞ்சே போயிட்டாரு!” பூரணி அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். “நல்ல வேளை, குடல் அழுகறதுக்குள்ள வந்துட்டீங்க. பிழைச்சுட்டார்.”

“நாங்க ஓடின ஓட்டம் அப்படி,” என்றான் சடையப்பன். பூரணி செருப்பைத் தேடினாள்.

மறுநாள் நர்ஸ், “அவரைக் கொஞ்சம் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, “நட அண்ணே, நட,” என்று மாறி மாறிச் சொன்னார்கள். சத்தம் தாங்காமல் வார்டில் இருந்த மற்ற நோயாளிகளெல்லாம் எழுந்து நடந்தார்கள். மேஸ்திரி மட்டும் குறட்டை விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “பாரம் தூக்கக் கூடாது. இருமல் வந்தா வயித்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கணும். நாலு பேரும் கேட்டுக்கிட்டீங்களா?”

நாலு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ஊரில் புதுப் பாலம் திறக்க அமைச்சர் வந்தார். மேடையில் மைக்கைப் பிடித்து, “இந்தப் பாலம் உறுதியானது,” என்று ஆரம்பித்ததும் அவருக்கு இருமல் வந்தது. அவ்வளவுதான். மேஸ்திரியும் மற்ற மூவரும் தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் குதித்து மேடை ஏறி, அமைச்சரின் வயிற்றை எட்டுக் கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் திகைத்தது. போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆனால் மேடையிலிருந்த கட்சிக்காரர்களுக்கு, இது ஏதோ புது மரியாதை, நமக்குத்தான் சொல்லவில்லை என்று பட்டது. மாலையைக் கீழே போட்டுவிட்டு அவசரமாக வரிசையில் நின்றார்கள்.

அமைச்சருக்கு மறுபடியும் இருமல் வந்தது. இந்தத் தடவை மாவட்டச் செயலாளர் முந்திக்கொண்டார்.