ஓவர்சியர் நிமிர்த்திய ஜன்னல்

கடலூரில் பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இரண்டு மாடி வீடுகள் ஒட்டி நிற்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் ஜோடியாகக் கட்டியவை. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டு உத்தரங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வாசல்களுக்கு மேலே விசிறிபோல் விரிந்த கண்ணாடி. மாடியில் வரிசையாக ஆறு ஜன்னல், இந்த வீட்டுக்கு மூன்று, அந்த வீட்டுக்கு மூன்று.

இடப்பக்க வீட்டில் சாந்தலிங்க சாமி இருந்தார். அவருடைய சீடர் வீரபத்திரன் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர்.

ஒரு புதன்கிழமை காலை அவர் வந்து உட்காராமலே நின்றார்.

"சாமி, என் வீட்டுக்காரி நாளன்னைக்கு மஸ்கட் போறா. மகன்கிட்ட. திரும்பி வர்றதா சொல்லலை."

"இப்ப எங்க இருக்காங்க?"

"பண்ருட்டியில, அவ தங்கச்சி வீட்டுல. மூணு மாசமா."

"என்ன நடந்துச்சு?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. எங்க கல்யாணத்தன்னைக்கு நல்ல மழைன்னு அவங்ககிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தா. அன்னைக்கு மழையே இல்லை. உள்ள போய் எங்கப்பா அன்னைக்கு எழுதின டைரியை எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் காட்டினேன். மறுநாள் காலையில கிளம்பிட்டா."

அப்போதும் அவர் உட்காரவில்லை.

"முப்பத்தாறு வருஷத்துல நான் சொன்னது எதுவும் தப்பா இருந்ததில்லை. அப்புறம் ஏன் சாமி இப்படி?"

சாமி மாடியைக் காட்டினார். "நடுச்சுவரை ஒட்டின ஜன்னல் கோணலா இருக்கு. நிமிர்த்திக் குடுங்க."

வீரபத்திரன் மாடிக்குப் போனார். ஓய்வு பெற்ற பிறகும் பையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம் வைத்திருப்பவர் அவர். அதை ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. சட்டத்தைக் கழற்றினார், செங்கல் துண்டுகளை அடியில் வைத்தார், சுண்ணாம்புக் கலவை போட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. சாயங்காலம் குமிழி நடுவில் வந்து நின்றது.

"தெருவுக்குப் போய்ப் பாருங்க" என்றார் சாமி.

பக்கத்து வீட்டு மெஹருன்னிஸா வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஓவர்சியரய்யா! அஞ்சு ஜன்னல் ஒழுங்கா இருக்கு, நீங்க கை வெச்சது மட்டும் கழுத்து சுளுக்கின மாதிரி நிக்குதே!"

அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். இரண்டு வீட்டு ஜன்னல்களும் நடுச்சுவரை நோக்கி லேசாகச் சாய்ந்திருந்தன. இத்தனை வருஷம் வந்துபோனவருக்கு அது கண்ணில் பட்டதில்லை. இப்போது ஒன்று மட்டும் சாயாமல் நின்றது. அதனால் அதுதான் கோணலாகத் தெரிந்தது.

மறுபடி மாடியேறி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில்தான் இருந்தது.

"ஜன்னல் சரியா இருக்கு சாமி" என்றார் இறங்கி வந்து. "வீடுதான் கோணல்."

"எவ்வளவு?"

"நடுச்சுவர் நாலு விரல் இறங்கியிருக்கு. ரெண்டு வீட்டுப் பாரமும் அது மேலதானே."

"நேத்து இறங்கினதா?"

"இல்லை இல்லை. கட்டின நாள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா."

"வீட்டுல எங்கயாவது விரிசல் பாத்தீங்களா?"

"எங்கயும் இல்லை."

"நாலு விரல் இறங்கியும் ஏன் விரிசல் விடலை?"

இது அவர் தொழில். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு வீடும் சேர்ந்து இறங்கியிருக்கு" என்றார்.

சொன்னதும் தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் நின்றார். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.

"நாளைக்கு வந்து பழையபடியே வெச்சுடறேன் சாமி."

"ஜன்னல் எங்கயும் போயிடாது. பண்ருட்டி பஸ் ஆறரைக்கு. ரசமட்டத்தை இங்க வெச்சுட்டுப் போங்க."